கரும்பலகையைத் தாண்டிய எழுத்து

தனக்கு எப்படிக் கற்க வந்தது என்பதையே அறியாத ஒருவர், மற்றவர்களுக்கு எப்படிக் கற்க வரும் என்பதை எங்கே போய்த் தெரிந்துகொள்வது? மோகனாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் கேள்விதான். அவர் இதை வாய்விட்டுக் கேட்டவர் அல்ல. அவருடைய வாழ்க்கைதான் கேட்டது. அதுவும் ஒரே ஒரு கல்வியாண்டில், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில், ஏரியை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆங்கில ஆசிரியை. நான் அங்கே கணக்கு. எங்கள் இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பதினோரு ஆண்டுகள் அந்தச் சுவர் வழியாக அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். பாடவேளை நாற்பது நிமிடம் என்றால் நாற்பதும் நடைதான்.

காஞ்சிபுரத்திலிருந்து வரும் பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார். விடைத்தாள் திருத்துவதும் அப்படியே. ஜன்னல் கட்டையில் தாளை வைத்துக்கொள்வார். இரண்டு தாளுக்கு ஒருமுறை வராந்தாவில் ஒரு சுற்று. ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்த அவர் கணவர் எல்லப்பனிடம், வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"வூட்லயும் இதே கததான் சார். உக்காந்து டீவி பாருன்னா, டீவிய சுத்திக்கினு வருவா. எனக்கு அவதான் தெரிவா, நாடகம் தெரியாது."

அவர் நல்ல ஆசிரியையா என்று கேட்டால் நான் சட்டென்று ஆமாம் சொல்ல மாட்டேன். உழைப்பாளி, மொழி சுத்தம், விடுப்பு எடுக்காதவர். இவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் தானே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்பிரஸ். சின்ன ஸ்டேஷனில் நிற்காது என்பது அதன் பொருள்.

அவர் பிறந்தது காஞ்சிபுரத்தில், பட்டு நெசவுக் குடும்பத்தில். அங்கே விடிவதற்கு முன்பே தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டுவார்கள். தறியில் ஏறப்போகும் நூல் அது. எங்காவது இழை அறுந்திருக்கிறதா என்று அதன் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த வேலை மோகனாவுடையது. கையில் ஆங்கிலப் புத்தகம், கண் நூலின் மேல். தெருக்கோடிக்குப் போகும்போது ஒரு வாக்கியம், திரும்பி வரும்போது அதற்குப் பொருள். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு குறையாக. "நிம்மதியா ஒரு எடத்துல உக்காந்து படிக்க விட்டாங்களா சார் என்னிய?" என்றார். உட்காரவிட்டிருந்தால் அவருக்கு ஆங்கிலம் வந்திருக்குமா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பின் முப்பத்தாறு பேரில் பதினான்கு பேர் ஆங்கிலத்தில் தோற்றார்கள். அதில் ஒருத்தி சுபாஷ்ரீ. பத்தொன்பது மதிப்பெண். என் கணக்கில் அவள் எழுபதுக்குக் குறைந்ததில்லை. ஆங்கில வகுப்பில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மோகனா எழுப்பி நிறுத்தினால் புத்தகத்தைப் பிடித்தபடி நிற்பாள். எழுத்துகள் மேல் விரல் நகரும், சத்தம் வராது. இரண்டு நொடியில் மோகனாவே அந்த வரியைப் படித்து முடித்துவிடுவார்.

சுபாஷ்ரீயின் அம்மா இந்திராணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நாஷ்டா கடை. எங்களில் பாதிப் பேருக்குக் காலைச் சாப்பாடு அங்கேதான். அதனால் அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருந்தது என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்திராணி தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்வாள்.

"பப்ளிக்ல பாஸானா லெவன்த்து. இங்கிலீஷ்ல போச்சுன்னா காஞ்சிபுரத்துல அவ சித்தி வேல பாக்கற ஜவுளிக் கடைக்கு. பேசி முட்ச்சாச்சு மேடம். மறுபடி எழுதறேன், மறுபடி எழுதறேன்னு வூட்ல வெச்சிக்கினு இருக்க நம்மால ஆவாது."

"அதெல்லாம் பாஸாவா. நான் எதுக்குக் கீறேன்?" என்றார் மோகனா. நின்றுகொண்டுதான்.

அக்டோபரில் ஸ்ரீவித்யா வந்தார். காஞ்சிபுரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிக்கும் உயர்நிலை மாணவர்கள் எந்த வழியில் கற்க விரும்புகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. கண்ணால் பார்த்தா, காதால் கேட்டா, கையால் செய்தா, கூட்டாளிகளோடு சேர்ந்தா? படிவத்தில் முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். மேலே பெயர், வகுப்பு, காலாண்டு மதிப்பெண். பிள்ளைகள் வாங்கி, வாயை மூடிக்கொண்டு, மிகுந்த ஒழுங்கோடு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒழுங்கே எங்களை எச்சரித்திருக்க வேண்டும்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. "ஆசிரியர் விளக்கிச் சொல்லும்போது எனக்கு எளிதில் புரிகிறது" என்ற வாக்கியத்துக்கு முப்பத்தாறில் முப்பத்துநான்கு பேர் எப்போதும் என்று குறித்திருந்தார்கள். அன்று ஒருநாள்தான் மோகனா ஆசிரியர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்.

"பாத்தீங்களா சார். காது வழியாத்தான் போவுதாம். நான்தான் இத்தினி நாளா டிக்டேஷன், க்ரூப் ரீடிங்னு நேரத்தப் போக்கிக்கினு இருந்துட்டேன்."

அவர் அதை நம்பினார். நம்பியதைச் செயலிலும் காட்டினார். மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு விளக்க ஆரம்பித்தார். ஒரு செய்யுளுக்கு மூன்று நாள் விளக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் இயற்கணிதத்தை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். செருப்புச் சத்தமும் கூடியது.

அரையாண்டில் பத்தொன்பது பேர் தோற்றார்கள். சுபாஷ்ரீக்குப் பதினொன்று.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று காலை நானும் மோகனாவும் நாஷ்டா கடையில் இருந்தோம். இந்திராணி தட்டை வைத்த வேகத்தில் சாம்பார் சிந்தியது.

"பதினொண்ணு மேடம். நூத்துக்குப் பதினொண்ணு. எங்க வூட்டுக் கதவு நம்பரே இதவிட பெரிசா கீது."

"நானும் தொண்ட கிழிய சொல்லிக்கினுதான் கீறேன். உம் பொண்ணே எழுதிக் குடுத்துகீறா, நான் சொன்னா புரியுதுன்னு. எப்போதும்னு டிக் போட்டுகீறா. வேணும்னா காட்டறேன்."

"எது, அந்த பாரமா?" இந்திராணிக்குக் கோபத்தின் நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, அது உங்களக் காப்பாத்த எழுதனது மேடம்!"

"என்னக் காப்பாத்தவா?"

"காலாண்டுல மார்க்கு பூட்ச்சி இல்ல? ஆபீஸ்லேர்ந்து ஒரு அம்மா வந்து உங்க வேலயப் பத்தி வெசாரிக்கறாங்கன்னு புள்ளிங்க நெனச்சிகீதுங்க. மிஸ்ஸ வேற ஊருக்குத் தூக்கிடுவாங்கோன்னு எல்லாம் பேசி வெச்சிக்கினு எழுதிகீதுங்க. ஏம் மேடம், மேல பேரப் போடச் சொல்லிட்டு டீச்சர் சொல்றது புரியுதான்னு கேட்டா, எந்தப் புள்ள புரியலன்னு எழுதும்?"

மோகனா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாலை வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"அப்ப ஒண்ணுமே புரியலியா?"

"அத நீங்கதான் கேக்கணும். எங்கிட்ட கேட்டா? எனக்கு ஏபிசிடில பாதி தெரியாது."

பொய்களில் இது எந்த வகை என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஏமாற்றச் சொன்ன பொய் என்றால் கண்டித்துவிடலாம். இது அவர்மேல் இருந்த பற்றினால் சொன்னது. ஒரு வருடத்தில் பாதியை அது தின்றுவிட்டது. பப்ளிக் தேர்வுக்கு மிச்சம் இருந்தது பதினொரு வாரம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருப்பதால், எட்டாம் வகுப்பை ஆண்டுதோறும் அங்கே கூட்டிப்போய்க் காட்டுவோம். அந்த உரிமையில் வகுப்புத் தலைவரையும் குடத்தில் சீட்டுப் போட்டே தேர்ந்தெடுப்போம். மோகனா அன்று மதியம் சத்துணவு அமைப்பாளர் பரிமளாவிடம் போய் நின்றார்.

"பரிமளா, ஒரு குடம் குடு."

"எதுக்கு மேடம்? லீடர் எலெக்‌ஷன் ஜூன்லயே முட்ஞ்சிதே."

"இது எனக்கு எலெக்‌ஷன்."

"சாயங்காலத்துக்குள்ள வந்துரணும். தண்ணி புடிக்கணும்."

வகுப்பில் போய்ச் சொன்னார்: பேர் எழுத வேண்டாம். இங்கிலீஷ் எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறும், எது ஏறவிடாமல் தடுக்கிறது, அதை மட்டும் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. குடத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அரைமணி நேரம் மைதானத்தைச் சுற்றி வந்தார்.

குடத்தை ஆசிரியர் அறைக்குத் தூக்கி வந்து ஜன்னல் கட்டையில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்தாறு பார்த்ததுமே முகம் சுருங்கியது. எல்லாச் சீட்டும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை. வகுப்புத் தலைவன் கோகுல்ராஜைக் கூப்பிட்டார்.

"இன்னாடா இது? முப்பத்தாறு பேருக்கும் நீயே எழுதிட்டியா?"

"இல்ல மிஸ். அவுங்க அவுங்க வந்து காதுல சொன்னாங்க, நான் எழுதனேன். எங்க கையெழுத்துலாம் உங்களுக்குத் தெரியும் இல்ல? பேர் போடலன்னாலும் கண்டுபுட்ச்சிருவீங்க. அதான்."

"பொண்ணுங்களுமா உன் காதுல வந்து சொன்னாங்க?"

"வேற வழி? எம் பேனாதான் நல்லா எழுதும்."

அவனை அனுப்பிவிட்டுப் படித்தார். படித்துவிட்டு ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டினார். எனக்கு நினைவிருப்பவை சில.

"எழுதிப் போட்டா புரியுது. வாயால சொன்னா போயிருது."

"தெனம் டெஸ்ட் வைங்க. நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, அடிப்பாங்க."

"வசந்த்குமார் பக்கத்துல உக்காந்து சொன்னா புரியுது. நீங்க சொன்னா புரியல. சாரி மிஸ்."

"எப்படிப் படிச்சா வரும்னு எனக்கே தெரியாது."

முப்பத்தாறில் பத்தொன்பது சீட்டுகள் வேறு வேறு வார்த்தையில் ஒன்றையே சொன்னன. "நீங்க நடக்காம சொன்னா நல்லாருக்கும்." "உங்களப் பாத்துக்கினே இருந்தா கழுத்து வலிக்குது, பாடம் வுட்டுப்பூடுது." "எங்க பெஞ்சுக்கு வரப்ப மட்டும் கேக்குது." "பேஜாரா கீது மிஸ், கொஞ்சம் நில்லுங்க."

மோகனா வழக்கம்போல் வராந்தாவுக்குப் போனார். பாதி தூரம் போனதும் தன் காலைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார். முன்னால் போவதா, திரும்புவதா என்று தெரியாதவர்போல ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து கடைசிச் சீட்டைப் பிரித்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "எம்மேல யாரும் கண்ணு வெக்காம இருந்தா எனக்கு வரும்."

மறுபடி கோகுல்ராஜைக் கூப்பிட்டார். "இது ஒண்ணு மட்டும் சொல்லுடா. யாரு? சுபாஷ்ரீயா?"

"குடத்துல போட்டது போட்டதுதான் மிஸ். கல்வெட்டுலயே அப்டித்தான் கீது."

"கல்வெட்டுல எங்கடா அப்டி கீது?"

"எங்கனா இருக்கும் மிஸ். அவ்ளோ பெரிசா எழுதிகீறாங்களே."

மறுநாள் மோகனா நின்றார். கரும்பலகைக்கு முன்னால், மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. சுவரின் இந்தப் பக்கம் எனக்குச் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தமும் கேட்கவில்லை. கால் நின்றதும் ஆங்கிலம் நின்றுவிட்டது. ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் வார்த்தை வராது. ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்த செய்யுளில் மூன்றாவது வரி மறந்துபோனது. அவர் நெற்றி வியர்ப்பதைப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். மூன்றாம் நாள் முதல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "நடங்க மிஸ், பரவால்ல" என்றது. வகுப்பு முழுவதும் "நடங்க மிஸ், நடங்க மிஸ்" என்று சேர்ந்துகொண்டது. அது இரக்கமா கேலியா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று பேருந்தில் உத்திரமேரூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். பிறகு, "இத்தினி வருசமா நான் எனக்குத்தான் பாடம் நடத்திக்கினு இருந்தேனா சார்?" என்றார். ஆமாம் என்பதுதான் பதில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை அவர் திட்டமிட்டார் என்று ஸ்ரீவித்யா பிற்பாடு எழுதினார். திட்டம் ஒன்றும் இல்லை. பேச வாய் வராததால் ஒருநாள் பாடத்தைப் பலகையில் எழுத ஆரம்பித்தார். எழுதும்போது கை நகர்ந்தது, கால் சும்மா இருந்தது. வார்த்தைகள் வந்தன. முதுகு வகுப்பைப் பார்த்திருந்தது. அவர் ஒரு வரி எழுதி முடித்ததும் பின்னாலிருந்து யாரோ அதை வாய்விட்டுப் படித்தார்கள். திருத்துவதற்குத் திரும்பினார். சத்தம் நின்றுபோனது. மறுபடி பலகைப் பக்கம் திரும்பினார். சத்தம் வந்தது.

அன்றிலிருந்து பாடவேளை இப்படி ஆனது. மோகனா முகத்தைப் பலகைக்குக் கொடுத்து எழுதுவார். விரும்பியவர்கள் படிப்பார்கள். தப்பாகப் படித்தால் அதே வரியைப் பக்கத்தில் இன்னொரு முறை எழுதுவார், அவ்வளவுதான். வசந்த்குமார் பெஞ்சு விட்டுப் பெஞ்சு போய்ப் பொருள் சொன்னான். அந்த முதுகைப் பிள்ளைகள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவன் கொய்யா தின்றான். இரண்டு பேர் ஜன்னல் வழியாகக் குதித்து ஏரிக்கரைக்குப் போனார்கள். மோகனாவுக்கும் தெரியும். கொய்யா வாசனை வந்தபோது "ஒண்ணு எனக்கும் வெய்டா" என்று திரும்பாமலே சொன்னார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. என் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்திருந்தேன், அறை அமைதியாக இருந்தது. சுவர் வழியாக ஒரு குரல் கேட்டது. அதுவரை நான் கேட்காத குரல். மெல்லியது, ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டுத் தொட்டுப் போனது. தமிழில் பழகிய குரல்கூட ஆங்கிலத்தில் வேறு ஆளாகிவிடும், அதனால் யார் என்று அடையாளம் தெரியவில்லை. ஒரு வரி படித்தது. சாக்பீஸ் சத்தம். இன்னொரு வரி. மற்ற பிள்ளைகள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது. நான் வராந்தாவுக்கு வந்து எட்டி நின்றேன்.

மோகனா எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய பாடம் முடிந்துவிட்டது. நிறுத்தினால் அந்தக் குரலும் நின்றுவிடும், திரும்பினாலும் நின்றுவிடும். அவர் அடுத்த பாடத்தை எழுத ஆரம்பித்தார். பலகையின் கீழ் ஓரம் வரை வந்தார். அழிக்கும் துணி பின்னால், மேசைமேல் இருந்தது. ஒரு நொடி கை அந்தரத்தில் நின்றது. வலது கால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கியது. பிறகு பலகையின் சட்டத்தைத் தாண்டி, சுண்ணாம்பு அடித்த சுவரில் எழுத ஆரம்பித்தார். நீலச் சாக்பீஸ். குரல் அதையும் படித்தது.

தலைமை ஆசிரியர் ராமப்ரசாத் என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. கோயில் வேலை பார்த்த குடும்பத்தவர், எதையும் சத்தமில்லாமல் கேட்பவர்.

"என்ன சார் இது? சுவத்துக்கா பாடம் நடத்தறா?"

நான் உதட்டில் விரலை வைத்தேன். தலைமை ஆசிரியருக்கு அப்படிச் செய்தது என் பணிக்காலத்தில் அந்த ஒருமுறைதான். அவரும் நின்று கேட்டார். ஜன்னலுக்கு நேரே வந்தால் யார் படிப்பது என்று பார்த்துவிடலாம். இரண்டு அடிதான். இருவருமே போகவில்லை.

மணி அடித்தது. குரல் பாதி வார்த்தையில் நின்றது. மோகனா சுவரைப் பார்த்தபடியே, "எல்லாம் கெளம்புங்க" என்றார். கடைசிப் பிள்ளை வெளியேறும் வரை திரும்பவில்லை. அந்தச் சுவரைத் துடைக்கச் சொல்லி ராமப்ரசாத் இரண்டு முறை குறிப்பு அனுப்பினார். மூன்றாவது முறை அனுப்பவில்லை.

பப்ளிக் தேர்வு முடிந்தது. மே மாதம் முடிவு வந்தபோது ஆங்கிலத்தில் ஏழு பேர் தோற்றிருந்தார்கள். சுபாஷ்ரீ முப்பத்தெட்டு. முப்பத்தைந்து எடுத்தால் போதும். இந்திராணி அன்று கடையில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். "மூணு மார்க்கு மிச்சம் மேடம், வூட்ல வெச்சிருக்கேன்" என்றாள்.

இதை மோகனாவின் வெற்றி என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அந்த ஆண்டு வினாத்தாள் எளிது என்றார்கள். இந்திராணி மகளை நாஷ்டா கடையில் கூடமாட வேலைக்கு வரவேண்டாம் என்று இரண்டு மாதம் நிறுத்திவைத்திருந்தாள். வசந்த்குமார் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, பலகை எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. தோற்ற ஏழு பேரும் அதே முதுகைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பிப்ரவரியில் கேட்ட குரல் சுபாஷ்ரீயுடையது என்பதற்கும் எந்தச் சாட்சியும் இல்லை. அந்தக் கடைசிச் சீட்டு கோகுல்ராஜுடையதாகக்கூட இருக்கலாம் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். எல்லோருடைய இரகசியத்தையும் காதில் வாங்கி எழுதியவன் தனக்கும் ஒன்று எழுதியிருப்பான் அல்லவா.

ஜூனில் ஸ்ரீவித்யா வந்தார். பழைய படிவங்கள் செல்லாது என்பதை அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். குடத்துச் சீட்டுகள் வேண்டும் என்றார். ஆனால் வெறும் சீட்டு போதாது. யார் எதைச் சொன்னார்கள், அவர்கள் வாங்கிய மதிப்பெண் என்ன என்று பொருத்த வேண்டும்.

"நேம்ஸ் இருந்தா இது பெரிய ஸ்டடி மேம். உங்க பேரை ட்ரெய்னிங் டீமுக்கு நானே சொல்றேன். காஞ்சிபுரத்துலயே ரெண்டு வருஷம். இந்த பஸ் அலைச்சல் இல்ல."

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அந்த வேலைக்கு மோகனா ஐந்து ஆண்டுகளாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் நான். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் பேருந்தில் நின்றே வரும் கால்கள் அவருடையவை. அவருக்கு வயது நாற்பத்தாறு.

அடுத்த வாரம் கோகுல்ராஜ் சான்றிதழ் வாங்க வந்தான். உத்திரமேரூரில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது. ஆசிரியர் அறையில் தலையை நீட்டினான்.

"மிஸ், அந்த ஆபீஸ் மேடம் எங்க வூட்டாண்ட வந்து கேட்டாங்க. உங்களுக்குக் காஞ்சிபுரத்துல போஸ்டிங் கெடைக்குமாமே. முப்பத்தாறும் ஞாபகம் கீது மிஸ். சொல்லட்டா?"

"ஏன்டா, குடத்துல போட்டது போட்டதுதான்னு சொன்ன?"

"அது அப்போ. இப்பதான் எல்லாரும் பாஸாய்ட்டமே."

"ஏழு பேரு ஆவல."

அவன் தலையைச் சொறிந்தான். மோகனா பீரோவைத் திறந்து சீட்டுக் கட்டை எடுத்தார். ரப்பர் பேண்டைக் கழற்றி ஜன்னல் கட்டையில் பரப்பினார். பச்சை மை கொஞ்சம் வெளுத்திருந்தது. கோகுல்ராஜ் கிட்டே வந்தான். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு சீட்டை எடுத்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மற்றதைக் குவித்து மறுபடி ரப்பர் பேண்டைப் போட்டார்.

"நீ கெளம்பு. பஸ்ஸு வந்துரும்."

"சொல்ல வேணாமா மிஸ்?"

"கெளம்புடா."

மறுநாள் ஸ்ரீவித்யா வந்தபோது அந்தக் கட்டை அப்படியே, பெயர் எதுவும் இல்லாமல் கொடுத்தார். ஸ்ரீவித்யா அங்கேயே எண்ணினார். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத முகம் அவருக்கு.

"முப்பத்தஞ்சுதான் இருக்கு மேம்."

மோகனா வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"அவ்ளோதான் இருந்துது" என்றார்.